குருமனைக்குக் கடைசிப் பந்தி

நான் ஆமென் சொன்னால்தான் அவர்கள் சோற்றில் கை வைக்கலாம். இந்தச் சேகரத்துச் சபைகளுக்குப் போதகராக எனக்கென்று விட்டுவைத்திருக்கிற அதிகாரம் அது ஒன்றுதான். மூன்றாம் பந்தி உட்கார்ந்தாயிற்று. இலை போட்டு, சோறு விழுந்து, ஆட்டுக்கறிக் குழம்பும் விழுந்து ஆவி பறக்கிறது, பந்தல் நிறையத் தலைகள் குனிந்திருக்கின்றன. "அன்பின் பரலோகப் பிதாவே" என்று ஆரம்பிக்கிறேன். வாய் தன்பாட்டுக்கு ஓடும், அதற்குப் பழக்கம். கண்தான் முழுசாக மூடமாட்டேன் என்கிறது. இமைக்கு அடியில் பந்தல் விளிம்பு, அதைத் தாண்டி வெயில், வெயிலைத் தாண்டி எங்கள் வீடான குருமனையின் சன்னல், சன்னலுக்குள்ளே பிரம்பு நாற்காலியில் அம்மா. காலையில் அவளுக்கு இன்சுலின் ஊசி போட்டது நான்தான். ஆராதனை சீக்கிரம் முடியும், பந்தி மளமளவென்று நகரும் என்று கோயில் கமிட்டியில் சொன்னதை நம்பி முழு அளவும் போட்டேன். நேற்று ராத்திரி அவித்த இட்லி வைத்தேன், பாதியை அப்படியே வைத்துவிட்டாள். இப்போது வெயில் சாயப்போகிறது. ஊசி மருந்து உள்ளே சர்க்கரையை இறக்கிக்கொண்டிருக்கும், அதற்குப் பண்டிகை என்ன, பந்தி என்ன. ஒரு தட்டுச் சோறு. இங்கிருந்து நாலு எட்டு வைத்தால் குருமனை. கொண்டுபோக முடியாது. அசனம் என்கிற இந்தப் பண்டிகை விருந்தில், பந்தலை விட்டு, கடைசிப் பந்தி எழும்பும்வரை ஒரு பருக்கை வெளியே போகக்கூடாது. குருமனைக்காரர்கள் கடைசிப் பந்தியில்தான் சாப்பிடவேண்டும். இது ஆறுதல்புரத்துச் சட்டம். சட்டம் போட்டவர் என் அப்பா. "பசியோடிருக்கிற யாவரையும் இந்த வேளையில் நினைத்தருளும், ஆமென்." பந்தல் முழுக்க ஒரே ஆமென், உடனே கைகள் சோற்றில் இறங்குகின்றன.

குழம்பு வாளியைத் தூக்கிக்கொள்கிறேன். வெள்ளை அங்கியோடு வாளி தூக்குவதும் அப்பாவின் பழக்கம்தான். நல்ல சட்டம் அது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கெட்ட சட்டமாக இருந்திருந்தால் எப்போதோ காறித் துப்பியிருப்பேன். அப்பா இந்த ஊருக்குப் போதகராக மாற்றலாகி வந்தபோது நான் பாவாடை கட்டுகிற பிள்ளை, தம்பி மனாசேக்குப் பல் விழுந்துகொண்டிருந்தது. அன்றைக்கெல்லாம் அசனத்துக்கு வெட்டுகிற ஆட்டில் நல்ல துண்டு பாதி, முதல் பந்திக்கு முன்பே கமிட்டிக்காரர் வீடுகளுக்கு வாளி வாளியாகப் போய்விடும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரர்கள் உட்காருகிற கடைசிப் பந்திக்கு ரசம் இருக்கும், எலும்பு இருக்கும், ஜெபம் இருக்கும். அப்பா பிரசங்க பீடத்தில் ஏறி நின்று, ஒரு பருக்கை வெளியே போகாது என்றார். அப்போ ஐயர் வீட்டுக்கு என்று, போதகரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள், ஒருவர் கேட்டதற்கு, என் வீடு கடைசிப் பந்தி என்றார். கோயிலே அசந்து போயிற்று. பெண்கள் பக்கத்தில் பாயில் என்னை மடியில் சாய்த்து உட்கார்ந்திருந்த அம்மாவும் அப்போதுதான் அதைக் கேட்டாள். அவளிடம் ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம். பந்திக்கு முந்து என்று ஊர் சொல்லும், எங்கள் வீட்டில் அந்தப் பழமொழியைச் சொன்னால் அடிதான் விழும். அசனத்தன்று ஊரில் ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டமாட்டார்கள், எங்கள் வீட்டிலும்தான். காலையில் குடித்த காப்பித்தண்ணியோடு கோயில் சுவரில் சாய்ந்துகொண்டு, கறிவாசத்தை மூக்கால் தின்றுகொண்டு, நானும் மனாசேயும் ஒவ்வொரு பந்தியாக எழும்புவதைப் பார்த்திருப்போம். "இன்னும் கொஞ்சம் குழம்பு, பாஸ்டரம்மா." ஊற்றுகிறேன். ஊற்றிக்கொண்டே போகிறேன்.

காலையில் பிஷப்பின் திருமண்டல ஆபீசிலிருந்து வந்த விருந்தாளிப் போதகர் இதைத்தான் பிரசங்கம் பண்ணினார். மேய்ப்பனின் தலைமைத்துவம் என்று தலைப்பு. தலைமைத்துவத்தை எந்தப் புத்தகத்திலும் படிக்க வேண்டாம், இந்த ஊர் அருமைநாயகம் ஐயரிடம் படிக்கலாம் என்றார், அப்பாவைத்தான். மனாசே கதையைச் சொன்னார். இந்தக் கதை ஏறாத பிரசங்க பீடம் இல்லை, ஊர் ஊராகப் போய்விட்டது, போன இடத்தில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சதை போட்டிருக்கிறது. பசி தாங்காத சின்ன மகன் கறி வாளிக்குள் கைவிட்டு ஒரு துண்டை எடுத்தானாம். தகப்பன் ஓடிவந்து முழங்கால் போட்டு, மகனே, மேய்ப்பன் வீட்டார் மந்தைக்குப் பின்னால்தான் சாப்பிட வேண்டும் என்று கண்ணீரோடு சொன்னாராம். பிள்ளை தானாகவே அந்தத் துண்டை ஏழைக் குழந்தையின் இலையில் வைத்ததாம். பெண்கள் பக்கம் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. நான் பலிபீடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன், என்ன செய்ய. நடந்ததைப் பார்த்தவள் நான். அப்பா முழங்கால் போடவில்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. மனாசேயின் மூடின கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். சுண்டுவிரலில் ஆரம்பித்தார். அவன் அழவில்லை. குழம்பு முழங்கை வழியே வடிந்தது. துண்டை எடுத்து யாரோ ஒரு பிள்ளையின் இலையில் போட்டுவிட்டு அப்பா வாளியோடு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். மனாசே கையை நக்கினான். அதை மட்டும் ஒருத்தரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். தானேதான் வளர்ந்தான். பெங்களூரில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை மணிக்குச் சரியாக ஓட்டலுக்குப் போய் மட்டன் பிரியாணி தின்கிறான், முதல் ஆளாகப் போய் உட்காருவேன் அக்கா என்று போனில் சொல்லிச் சிரிக்கிறான். அப்பா அடக்கத்துக்கு வந்தவன் கல்லறைத் தோட்டத்தோடு திரும்பிவிட்டான், கோயிலுக்குள் கால் வைக்கவில்லை.

அங்கியில் குழம்பு தெறித்துவிட்டது. நெஞ்சுக்குக் கீழே மஞ்சளாக ஒரு கறை, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இதையும் அந்தப் போதகர் விடவில்லை, ஐயருடைய அங்கியின் கறைகள்தான் அவருக்குப் பதக்கம் என்றார். பதக்கத்தைத் துவைத்தவள் சன்னலுக்குள்ளே உட்கார்ந்திருக்கிறாள். பண்டிகைக்கு மறுநாள் முழுக்க அவளுக்கு அந்த அங்கியோடுதான் மல்லுக்கட்டு. சோப்பைத் தேய்த்து, வெயிலில் விரித்து, மஞ்சள் வெளுக்கிறதா என்று போய்ப் போய்ப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வெள்ளையாக வேண்டுமே. கடைசிப் பந்தியில் அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரசமும் சோறும் பிசைந்து சாப்பிடும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாண மாப்பிள்ளை தோற்றான். ஊரே அவர் சாப்பிடுவதைப் பார்க்கும், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் கிழவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அந்தப் பெருமையில் அவருக்குப் பசி ஆறிவிடும். எங்களுக்கு அதில் ஒரு கரண்டியும் பரிமாறவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பொய் சொல்லக்கூடாது. முதல் பந்தியில் நான் வாளி தூக்கியபோது, கமிட்டிச் செயலாளர் எபநேசர் அண்ணாச்சி, "அப்பாவ அப்படியே உரிச்சு வச்சிருக்கிய பாஸ்டரம்மா" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். எனக்கு நெஞ்சுக்குள்ளே என்னவோ சூடாகப் பரவியது. அம்மாவின் ஞாபகம் அந்த நிமிஷம் இல்லை. சத்தியமாக இல்லை. அதை நினைத்தால் இப்போது வாளியைக் கீழே போட்டுவிடலாம் போலிருக்கிறது.

அம்மா இந்தப் பக்கம் பார்க்கிறாளா? சன்னல் கம்பிக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ தெரிகிறது, சேலையா, திரையா. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன், பிள்ளைக்குச் சட்டைப் பையில் மிட்டாய் போட்டுவைக்கிற மாதிரி அவள் கையில் ஒரு மிட்டாயையும் திணித்தேன். தொட்டிருக்க மாட்டாள். ஆராதனை முடிந்தபிறகு அசனச் சோற்றுக்கு முன்னால் வேறெதையும் வாயில் போடக்கூடாது என்று அப்பா சொல்லிவைத்தது, அவர் போய்ச் சேர்ந்தும் போகவில்லை. பந்தலுக்குக் கூட்டிவந்து நாற்காலி போட்டு உட்காரவைக்கலாம் என்றால் அவளுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது, படி இறங்க ரெண்டு பேர் வேண்டும், அப்படியே இறக்கினாலும் கடைசிப் பந்திக்கு முன்னால் உட்கார மாட்டாள். போன வாரம் விடியற்காலையில் எழுப்பும்போது உடம்பெல்லாம் வேர்த்து, கண் எங்கேயோ நிலைத்து, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சே, மனாசே எங்கே என்று கேட்டாள். சீனித்தண்ணீர் புகட்டியதும் தெளிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நினைவு தப்பியிருக்கும் என்றார் டாக்டர். தப்பினால்? தப்பி நாற்காலியில் அப்படியே சரிந்திருந்தால்? நான் இங்கே நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு, இன்னும் கொஞ்சம் குழம்பு என்று. எனக்கு முந்தி இருந்த போதகரின் வீட்டம்மா ஒரு தூக்குச்சட்டியில் கறி கொண்டுபோனதற்குக் கமிட்டியில் கூட்டம் போட்டுப் பேசினார்களாம். அருமைநாயகம் ஐயர் இருந்த குருமனையா இது என்று கேட்டார்களாம். எனக்கும் கேட்பார்கள். பெண்போதகர் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னோம் என்பார்கள், ஐயரவாள் மகள் என்றுதானே ஒத்துக்கொண்டோம் என்பார்கள். ஐயரம்மா என்றால் இத்தனை காலமும் ஐயருடைய மனைவி. நான் வந்ததும் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவர்களுக்கு ஆறு மாதம் குழப்பம். அப்பாவின் பேரைச் சொல்லித்தான் உள்ளே வந்தேன். அந்தப் பேரை நானே மிதித்துக்கொண்டு வெளியே போனால் அப்புறம் நான் யார். அவர் இருந்தால் என்ன செய்வார்? கேள்வியே தப்பு. அவர் இருந்தபோது என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியும்.

"பாஸ்டரம்மா, நாலாம் பந்தி உக்காந்தாச்சு. ஜெபம்." எபநேசர் அண்ணாச்சி. வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, நல்ல மனுஷன், மனசில் கள்ளம் கிடையாது. அதனால்தான் இவரோடு சண்டை போடவும் முடியவில்லை. தலைகள் குனிகின்றன. அன்பின் பரலோகப் பிதாவே. கொடுத்த மழைக்காக ஸ்தோத்திரம், ஆடு நேர்ந்துவிட்ட குடும்பங்களுக்காக ஸ்தோத்திரம், சமைத்த கைகளை ஆசீர்வதியும். வாய் போகிறது. சன்னலில் இப்போது வெள்ளை இல்லை. இருந்ததே, இப்போது இல்லை. எழுந்திருக்க மாட்டாளே, எழுந்திருக்கத் தனியாக முடியாதே. பரிமாறுகிற கைகளை ஆசீர்வதியும். சரிந்திருப்பாளா. இந்த ஊழியத்தை முன்மாதிரியாகக் காட்டிச் சென்ற உம்முடைய அடியாருக்காக ஸ்தோத்திரம். பசியோடிருக்கிற. பசியோடிருக்கிற. அதற்கு மேல் வரவில்லை. வருஷம் முழுக்க வாயில் உருண்ட வாக்கியம், நாக்கில் முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கிறது. ஒரு குழந்தை அப்பளத்தை நொறுக்குகிறது. யாரோ இருமுகிறார்கள், இன்னும் யாரோ. சிலர் ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிறார்கள். நான் கண்ணை முழுசாகத் திறந்து, வாளியைக் கீழே வைத்துவிட்டு, விருந்தாளிகளுக்கென்று அடுக்கியிருந்த எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுக்கிறேன். ஓலைப்பாயில் குவித்திருக்கும் சோற்றை அள்ளி வைக்கிறேன். குழம்பை ஊற்றுகிறேன், கரண்டியால் துழாவி நல்ல துண்டாகப் பார்த்து எடுக்கிறேன், எலும்பில்லாதது, ஈரல்கூட ஒன்று கிடைத்தது.

"எங்க கொண்டு போறீய பாஸ்டரம்மா?" என்கிறார் அண்ணாச்சி.

"அம்மாவுக்கு."

அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்துகிறார். "இன்னும் ஒரே ஒரு பந்திதானம்மா இருக்கு. கொஞ்சம் பொறுத்துக்கிட்டாகன்னா முடிஞ்சிரும். ஜனங்க பாக்காகல்லா. ஐயா காலத்துலருந்து இப்படி ஒரு நாளும் நடந்ததில்ல."

"ஐயா காலத்துல எங்கம்மாவுக்குச் சுகர் இல்ல அண்ணாச்சி. பசிதான் இருந்துச்சு."

"அது சரிதான். ஜெபம் பாதியில நிக்கே?"

"நீங்க பண்ணுங்க. இல்லன்னா சும்மா சாப்பிடச் சொல்லுங்க. ஆண்டவர் ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாரு."

பந்தலை விட்டு வெயிலில் இறங்குகிறேன். முதுகில் எத்தனை கண். தட்டை மூடிக்கொள்ளலாமா என்று கை அங்கியின் ஓரத்தைத் தேடுகிறது, வெட்கங்கெட்ட கை, திருடினவள் மாதிரி. மூட மாட்டேன். பின்னால் அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, கிருபையுள்ள ஆண்டவரே என்று ஆரம்பிப்பது கேட்கிறது. வேப்பமரத்து நிழல், குழாயடி, குருமனைப் படி. மனாசே கையை நீட்டினபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அவன் கறித்துண்டைப் பார்த்தான், நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். படியில் அங்கி தடுக்குகிறது, குழம்பு விரலில் சுடுகிறது. அம்மா, இரு. சரிந்துவிடாதே. உள்ளே அறை இருட்டாகத் தெரிகிறது, வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

நாற்காலியில்தான் இருந்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து, நெற்றியும் மேலுதடும் வேர்த்துக் கொட்டி, கையில் அந்த மிட்டாயை உரிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது. என் அங்கியைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை, புதுப்பெண் சிரிக்கிற சிரிப்பு.

"வந்துட்டீயளா," என்றாள்.

என்னிடம் அவள் இப்படி மரியாதை கொடுத்துப் பேசுகிறவள் அல்ல. அலமாரியிலிருந்து சீனியை அள்ளி அவள் நாக்கின் அடியில் வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். சோற்றைப் பிசைந்து உருட்டி வாயருகே கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டாள்.

"இம்புட்டு வருசமாச்சா ஒங்களுக்கு ஒரு தட்டு எடுத்துட்டு வர?" என்றாள், மென்றுகொண்டே. கோபமாகக்கூட இல்லை, செல்லமாக.

"நேரமாயிட்டு," என்றேன். வேறென்ன சொல்ல.

"பிள்ளையளுக்குக் குடுத்தீயளா?"

"குடுத்தாச்சு."

"சின்னவனுக்கு? அவன் கறியக் கண்டா கைய நீட்டத்தான் செய்வான். எல்லாரும் பாக்க வையாதீக. குடுத்துருங்க."

"அவனுக்கும் குடுத்தாச்சு," என்றேன். ஆராதனை நடத்திய வாயால், பண்டிகை நாளில், பொய். அவள் திருப்தியாகத் தலையசைத்து அடுத்த உருண்டைக்கு வாயைத் திறந்தாள். ஊட்டினேன். ஈரலை ஊட்டினேன். பந்தலில் ஆமென் சத்தம் கேட்டது. காலையில் அந்தப் போதகர் சொன்னது நினைவுக்கு வந்தது, ஐயர் பந்தி பரிமாறும்போது அம்மையார் சன்னலோரம் அமர்ந்து ஜெபித்துக்கொண்டே இருப்பார்கள் என்று. நானும் இத்தனை வயசுவரை அதையேதான் நம்பிக்கொண்டிருந்தேன். வேர்வை மெல்ல அடங்கியது. கண் வந்து நிலைத்தது. என் முகத்தையும் கழுத்தையும் காதுக் கம்மலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"ஏட்டி, நீயா?"

"நான்தாம்மா."

"அவுகன்னுல்லா நெனச்சேன்." சன்னலைப் பார்த்துக்கொண்டாள். "ஒவ்வொரு அசனத்துக்கும் இங்கனதான் இருப்பேன். வெள்ளை அங்கி இந்தப் பக்கமாத் திரும்புதான்னு பாத்துகிட்டு. ஒரு தடவகூடத் திரும்பல, பாத்துக்க. செத்துப் பொறவுதான் வந்திருக்காகன்னு நெனச்சுச் சந்தோசப்பட்டுட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கடைசிப் பந்தி எழும்பிவிட்டதா என்று கேட்பாள், தட்டைத் தள்ளிவிடுவாள் என்று பயந்தேன். தட்டைத் தன் பக்கம் இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, தன் கையாலேயே கடைசிப் பருக்கைவரை வழித்துச் சாப்பிட்டாள். விரல்களை ஒவ்வொன்றாக நக்கினாள். பிறகு காலித் தட்டை என்னிடம் நீட்டினாள்.

"இன்னும் ரெண்டு துண்டு வாங்கிட்டு வா. மறைக்காமக் கொண்டா. எல்லாரும் பாக்கட்டும்."

வாங்கிக்கொண்டேன். ஐந்தாம் பந்திக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். கறைபட்ட அங்கியோடு, வெறுந்தட்டோடு, அவர்களுக்கு முன்னால் நடந்து போகிறேன்.